பழைய நோக்கியாவில் கேம் ஏற்றுவது: பேட்டரி, கார்டு, சான்றிதழ், திரை

பீரோவுக்குள் கிடக்கும் 6600, என்70, என்73, இ71, 5233 போன்ற போன்களை எடுத்து, அந்தக் காலத்து கேமையும் மென்பொருளையும் மறுபடி ஓட்ட நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. 'இன்ஸ்டால் செய்ய முடியவில்லை' என்று போன் சொன்னதுமே ஃபைல் கெட்டுப்போச்சு, போன் செத்துப்போச்சு என்று பலரும் தூக்கி வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டும் நன்றாகவே இருக்கும். போன் ஒரு வகை, ஃபைல் இன்னொரு வகை என்று இருக்கலாம். போனில் தேதி தப்பாக இருக்கலாம். கார்டு அந்தப் போனுக்கு ஒத்துவராததாக இருக்கலாம். இவற்றைச் சரிபார்க்காமல் வேறு வேறு ஃபைலாக இறக்கிக்கொண்டே இருந்தால் ஒரு நாளும் ஓடாது.

முதலில் போன் உயிரோடு நிற்கட்டும்

6600, என்70, என்72 மூன்றுக்கும் பிஎல்-5சி பேட்டரி. என்73க்கு பிபி-6எம், இ63, இ71க்கு பிபி-4எல், 5800, 5233க்கு பிஎல்-5ஜே. இதில் பிஎல்-5சி சுலபமாகக் கிடைக்கும். சின்ன எஃப்எம் ரேடியோவிலும் பட்டன் போனிலும் இன்றைக்கும் அதைத்தான் போடுகிறார்கள். கோவை காந்திபுரத்து ஸ்பேர் கடைகளிலோ ஈரோடு மணிக்கூண்டுப் பக்கமோ கேட்டுப் பார்க்கலாம். மற்றவை தேடித்தான் எடுக்க வேண்டும். நோக்கியாவின் அசல் பிஎல்-5சி 850 முதல் 1020 எம்ஏஹெச் வரைதான். அதே அளவு பேட்டரியில் 2000, 3000 என்று அச்சடித்திருந்தால் நம்பி வாங்காதீர்கள்.

போனுக்குள் வருடக்கணக்கில் கிடந்த பேட்டரியை அப்படியே சார்ஜில் போடக் கூடாது. கழற்றி, கண்ணாடி மேசைமேல் படுக்க வைத்து, ஒரு மூலையைச் சுண்டுங்கள். பம்பரம்போலச் சுற்றினால் வயிறு உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைப் பயன்படுத்தவே வேண்டாம். சுற்றாவிட்டால் மல்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் முனைகளை அளந்து பாருங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சார்ஜ் போடலாம். 2.5க்கும் கீழே இறங்கிக் கிடந்தால், வேறு சார்ஜரை நேராகத் தொட்டு 'ஜம்ப்' கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று கடையில் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவ்வளவு தூரம் வடிந்த லித்தியம் பேட்டரிக்குள் செம்பு கரைந்து படிந்திருக்கலாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். ஈரோடு, கரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் இந்த ஆபத்து இன்னும் கூடும்.

6600க்குப் பெரிய பின் சார்ஜர், அதாவது 3.5 மிமீ. என்70க்கும் அதற்குப் பிறகு வந்த மேற்படி மாடல்களுக்கும் சின்ன பின், 2 மிமீ. 5233ல் மைக்ரோ யூஎஸ்பி துளை இருந்தாலும் அது ஃபைல் மாற்ற மட்டும்தான், சார்ஜ் ஏறாது.

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் தறியும் பனியன் கம்பெனியும் உள்ள தெருக்களில் இருந்த போன்களுக்கு ஒரு தனிக் கவனம் தேவை. சார்ஜ் துளையின் அடியிலும் கீபேடுக்குக் கீழேயும் பஞ்சு இறுகி உட்கார்ந்திருக்கும். பின் முழுசாக உள்ளே போகாததால் சார்ஜ் வந்து வந்து போகும். அதைப் பார்த்துவிட்டு சார்ஜ் ஐசி (சார்ஜைக் கவனிக்கும் சிப்) போச்சு என்று நினைத்துவிடுவார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மரப் பல்குச்சியால் பஞ்சை வெளியே இழுங்கள். குண்டூசி வேண்டாம், முனைகளை வளைத்துவிடும். ஜாய்ஸ்டிக் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாவிட்டால், அடியில் ஒரு சொட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு, எல்லாப் பக்கமும் இருபது முப்பது தடவை அசைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போனைப் போடுங்கள். கையில் இருக்கிறதே என்று தின்னரோ பெட்ரோலோ விட்டால் பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

6600 காலத்துப் போன்கள் சிம் இல்லாமல் மெனுவுக்குள் விடாது. ரத்தான பழைய சிம் ஒன்றைப் போட்டால் போதும். இன்னொரு காரணத்துக்காகவும் ரத்தான சிம்தான் நல்லது: பழைய ஜாவா கேம்களில் சில, அடுத்த கட்டத்தைத் திறக்க என்று சொல்லி எஸ்எம்எஸ் அனுப்பும், ஓடுகிற சிம்மாக இருந்தால் காசு போகும். ஜியோ சிம்மைப் போட்டு சிக்னல் தேடுவதும் வீண். இந்தப் போன்களுக்கு 2ஜி வேண்டும், ஜியோவில் 2ஜி கிடையாது.

எந்த வகைப் போன்?

டயல் செய்யும் இடத்தில் *#0000# அடியுங்கள். மென்பொருள் பதிப்பும், அதன் தேதியும், மாடல் எண்ணும் வரும். 6600 என்றால் என்ஹெச்எல்-10, என்70 என்றால் ஆர்எம்-84, என்73 என்றால் ஆர்எம்-133, இ71 என்றால் ஆர்எம்-346. மேல் உறையை மாற்றி வேறு மாடலாக விற்ற போன்களும் உண்டு என்பதால், வெளியே எழுதியிருப்பதை விட இதை நம்புங்கள்.

எஸ்60 என்பது சிம்பியன் இயங்குதளத்தின்மேல் நோக்கியா கட்டிய மென்பொருள் தளம். அதன் முதல் பதிப்பு: 7650, 3650, என்-கேஜ், என்-கேஜ் கியூடி. இரண்டாம் பதிப்பு: 6600, 7610, 6630, 6680, என்70, என்72. மூன்றாம் பதிப்பு: என்73, இ61, 3250, அதன் பிந்தைய வடிவங்களில் என்95, 6120 கிளாசிக், இ63, இ71, இ72. ஐந்தாம் பதிப்பு, அதாவது தொடுதிரை: 5800, 5230, 5233, என்97. நாலாம் பதிப்பு என்று ஒன்று கிடையாது. இவை எதிலும் இல்லாத 6300, 3110 கிளாசிக், 5130, 2700 எல்லாம் சீரிஸ் 40, அதாவது நோக்கியாவின் எளிய போன் வகை. அவற்றில் ஜாவா மட்டும்தான் ஓடும், சிஸ் ஃபைல் (சிம்பியன் போனுக்கான இன்ஸ்டால் ஃபைல்) ஓடவே ஓடாது.

இரண்டாம் பதிப்புக்கும் மூன்றாம் பதிப்புக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. 2006ல் கடைக்கு வந்த மூன்றாம் பதிப்புப் போன்களில் சிம்பியன் 9.1 இருந்தது. அதில் பாதுகாப்பு முறையையும் சிஸ் ஃபைலின் உள்ளமைப்பையும் அடியோடு மாற்றினார்கள். அதனால் என்70ல் ஓடிய சிஸ் என்73ல் எந்த வித்தை செய்தாலும் ஏறாது. ஃபைல் கெட்டது என்ற தொனியில் செய்தி வரும். உண்மையில் ஃபைலுக்கு ஒரு கேடும் இல்லை. அதே கேமின் மூன்றாம் பதிப்பு வடிவத்தைத் தேடுங்கள். சிஸ்எக்ஸ் என்ற பின்னொட்டுடன் இருந்தால் அது நிச்சயம் மூன்றாம் பதிப்புக்கோ அதற்குப் பிந்தியதற்கோ ஆனது. முதல் பதிப்புக்கு எழுதியவை பலவும் இரண்டாம் பதிப்பில் ஓடும்.

கார்டு

6600ல் முழு நீள எம்எம்சி, அதாவது எஸ்டிக்கு முந்திய வகை மெமரி கார்டு. எஸ்டி கார்டு பார்க்க அதே மாதிரி இருந்தாலும் 2.1 மிமீ தடிமன், எம்எம்சி 1.4 மிமீ. அழுத்தி நுழைக்கப் பார்த்தால் துளைதான் உடையும். 6630, என்70, என்72க்கு பாதி நீள ஆர்எஸ்-எம்எம்சி, அதிலும் 1.8 வோல்ட்டில் இயங்கும் இரட்டை வோல்டேஜ் வகை. பழைய 3 வோல்ட் மட்டும் உள்ள கார்டைப் போட்டால் போன் கண்டுகொள்ளாது. என்73க்கு மினி எஸ்டி. மைக்ரோ எஸ்டியை மினி எஸ்டி அடாப்டரில் போட்டும் ஓட்டலாம். இ71, 5233க்கு மைக்ரோ எஸ்டி.

என்73 வரைக்கும் 2 ஜிபி அல்லது அதற்குக் குறைவான கார்டே பாதுகாப்பு. கடையில் போய், "அண்ணா, 2 ஜிபி கார்டு இருக்குங்களா?" என்று கேட்டால், "32 போட்டுக்கங்க தம்பி, அதுல 2 ஜிபி மட்டும் பிரிச்சுத் தர்றேன்" என்பார்கள். அது உதவாது. 2 ஜிபிக்கு மேற்பட்டவை எஸ்டிஹெச்சி. கார்டும் போனும் பேசிக்கொள்ளும் முறையே அதில் வேறு. கணினியில் எத்தனை துண்டாகப் பிரித்தாலும் அது எஸ்டிஹெச்சியாகத்தான் இருக்கும். முன்பு ஊருக்கு ஊர் இருந்த, கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 512 எம்பி, 1 ஜிபி கார்டுகள் டப்பாவில் மிச்சம் கிடக்கலாம். ஒரு எஸ்60 கேம் சில எம்பிதான். 512 எம்பியே ஏராளம்.

கார்டைப் போனுக்குள் போட்டு, போனிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஃபைல் பெயர், ஃபோல்டர் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தில், சுருக்கமாக இருக்கட்டும். தமிழ் எழுத்துரு இல்லாத போனில் தமிழில் பெயர் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். எது எந்த ஃபைல் என்றே தெரியாது.

போனிலிருந்தே இணையத்துக்குப் போய் இறக்கலாம் என்று முயல வேண்டாம். இன்றைய தளங்கள் கேட்கும் மறையாக்க முறையும் சான்றிதழும் அந்த உலாவிகளுக்குத் தெரியாது. கணினியில் இறக்கி, கார்டு ரீடர் வழியாக அல்லது புளூடூத்தில் அனுப்புங்கள். 6600க்கு டேட்டா கேபிளே கிடையாது. புளூடூத், இன்ஃப்ராரெட் இரண்டுதான். ஜோடி சேர்க்கும்போது எண் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணை, 0000 போல ஒன்றை, அடிக்க வேண்டும். அனுப்பியது இன்பாக்ஸில் ஒரு மெசேஜாக வந்து நிற்கும். அதைத் திறந்தால் இன்ஸ்டால் தொடங்கும்.

இரண்டாம் பதிப்பில் ஏற்றுவது

சுலபம். நம்பகமற்ற மென்பொருள் என்று எச்சரிக்கை வரும், சரி என்று கொடுத்து, இடம் கேட்கும்போது மெமரி கார்டைத் தேர்ந்தெடுங்கள். 6600ன் உள் நினைவகம் 6 எம்பிதான். அதை நிரப்பிவிட்டால் எஸ்எம்எஸ் கூட உள்ளே வராது.

முதலில் ஏற்ற வேண்டியது எஃப்எக்ஸ்புளோரர் என்ற இலவச ஃபைல் மேனேஜர். அது இருந்தால் கார்டில் சிஸ்டம், அதற்குள் ஆப்ஸ் என்ற ஃபோல்டருக்குப் போகலாம். ஒவ்வொரு கேமும் தன் பெயரில் ஒரு ஃபோல்டராக இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து இன்னொரு இரண்டாம் பதிப்புப் போனின் கார்டில் அதே இடத்தில் வைத்தால் பெரும்பாலான கேம்கள் மெனுவில் வந்துவிடும். சிஸ் ஃபைல் தொலைந்துபோன கேம்களைக் காப்பாற்ற இது அருமையான வழி. பழைய கார்டு கையில் கிடைத்தால் அழிக்கும் முன் முழுசாகக் கணினியில் நகலெடுத்துவிடுங்கள்.

அதே கார்டில் வைரஸும் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். 2004ல் வந்த கேபிர் புளூடூத் வழியாகவும், 2005ல் வந்த காம்வாரியர் புளூடூத்தோடு எம்எம்எஸ் வழியாகவும் பரவின. சிஸ்டம் ஃபோல்டருக்குள் ரெகாக்ஸ் என்று ஒன்று இருக்கும். போன் தொடங்கும்போதே தானாக ஓட வேண்டியவை அங்கே எம்டிஎல் ஃபைலாக உட்காரும். காம்ரெக் அல்லது ஃப்ளோ என்ற பெயரில் எம்டிஎல் இருந்தால் அழித்துவிடுங்கள். கேட்காமல் வரும் எந்த புளூடூத் ஃபைலையும் ஏற்க வேண்டாம், வேலை முடிந்ததும் புளூடூத்தை அணைத்துவிடுங்கள்.

மூன்றாம், ஐந்தாம் பதிப்பு: சான்றிதழும் தேதியும்

நிறையப் பேர் கைவிடும் இடம் இதுதான். ஆப் மேனேஜரைத் திறந்து, ஆப்ஷன்ஸ், செட்டிங்ஸ் போங்கள். சாஃப்ட்வேர் இன்ஸ்டலேஷன் என்பதை 'ஆல்' என்று மாற்றுங்கள். ஆன்லைன் சர்டிஃபிகேட் செக் என்பதை 'ஆஃப்' செய்யுங்கள். முதலாவது, பெரிய நிறுவனங்களின் கையொப்பம் (யார் செய்த மென்பொருள் என்று உறுதிசொல்லும் டிஜிட்டல் முத்திரை) இல்லாதவற்றையும் உள்ளே விடும். இரண்டாவது, பதில் சொல்ல ஆளில்லாத சர்வரைப் போய்க் கேட்காமல் தடுக்கும்.

இதற்குப் பிறகும் சான்றிதழ் காலாவதி என்று வந்தால் ஃபைலை மாற்றாதீர்கள், தேதியை மாற்றுங்கள். கையொப்பமிட்ட ஒவ்வொரு சிஸ்எக்ஸ் ஃபைலுக்குள்ளும் ஒரு சான்றிதழ் இருக்கிறது; அதற்கு ஒரு தொடக்க நாள், ஒரு முடிவு நாள். போன் தன் கடிகாரத்தைத்தான் பார்க்கும். இன்றைய தேதி வைத்திருந்தால் சான்றிதழ் எப்போதோ முடிந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்திருந்து கடிகாரம் பின்னால் போயிருந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை என்று வரும். இரண்டு பக்கமும் தப்பு நடக்கும் என்பதால், ரொம்பப் பின்னால் தள்ளுவதும் உதவாது. 2008ல் வெளிவந்த கேம் என்றால் அதே ஆண்டின் பிற்பாதியிலோ அடுத்த ஆண்டின் தொடக்கத்திலோ ஒரு நாளை வையுங்கள். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், விண்டோஸில் சிஸ்கன்டென்ட்ஸ் என்ற மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் சான்றிதழின் இரண்டு தேதிகளையும் காட்டும்.

தேதியை மாற்றும் முன் நெட்வொர்க் வழியாகத் தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதியில் பழைய இடத்துக்கே போய்விடும். ஏறி முடிந்ததும் சரியான தேதிக்குத் திரும்பலாம். சான்றிதழைப் போன் பார்ப்பது இன்ஸ்டால் நேரத்தில் மட்டும்தான்.

தேதியையும் சரிசெய்து, 'பாதுகாக்கப்பட்ட மென்பொருள், நம்பகமற்ற இடத்திலிருந்து' என்பது போன்ற செய்தி வந்தால் அது வேறு சிக்கல். அந்த ஃபைல் கையொப்பமே இல்லாதது, அல்லது குறிப்பிட்ட ஐஎம்இஐ எண்ணுக்கு (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மட்டும் கையொப்பமிட்டது. முன்பு சிம்பியன் சைன்டு தளத்தில் நம் போனின் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கலாம். அந்த வழி மூடிவிட்டது. இப்போது மீதி உள்ள வழி ஹெலோஆக்ஸ்2 போன்ற கருவியால் போனைத் திறப்பது. அது ரோம்பேச்சர் பிளஸ் என்பதை உள்ளே வைக்கும். போனின் மென்பொருளில் சின்னச் சின்ன மாற்றங்களை, அதாவது பேச்களை, இயக்கும் கருவி அது. அதில் இன்ஸ்டால் சர்வர் என்ற பேச்சை இயக்கினால் கையொப்பச் சோதனை நின்றுவிடும், ஓப்பன்4ஆல் என்ற பேச் பூட்டிய ஃபோல்டர்களைத் திறந்துவிடும். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். தொடர்பு எண்களைச் சிம்முக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஏதாவது சிக்கினால் *#7370# அடித்து, 12345 என்ற பூட்டு எண்ணைக் கொடுத்து (யாரும் மாற்றாமல் இருந்தால்) போனைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரலாம். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

மூன்றாம் பதிப்பில், கார்டிலிருந்து ஃபோல்டரை நகலெடுத்து இன்னொரு போனில் ஓட்டும் வித்தை நடக்காது. கார்டில் உள்ள ஒவ்வொரு இயங்கு ஃபைலுக்கும் ஒரு கைரேகையைப் போன் தன் உள் நினைவகத்தில் வைத்திருக்கும். புதுப் போனில் அது இருக்காது, அதனால் ஓடவிடாது. ஆகவே சிஸ்எக்ஸ் ஃபைலையே பத்திரப்படுத்துங்கள். கார்டில் இன்ஸ்டால்ஸ் என்ற ஃபோல்டர் அதற்காகவே இருக்கிறது.

ஜாவா

ஜாவா கேம் வருவது ஜார் ஃபைலாக. அதற்குச் சான்றிதழ்த் தொல்லை குறைவு. திரை அளவுத் தொல்லை அதிகம். 6100 காலத்துத் திரை 128க்கு 128. 3110 கிளாசிக் 128க்கு 160. என்70 176க்கு 208. 6300, 5130, என்73 எல்லாம் 240க்கு 320. இ63, இ71 அதைப் படுக்கவைத்த 320க்கு 240. இதற்குத் தனியாகச் செய்த வடிவம் கிடைக்காவிட்டால் கேமின் அடிப்பகுதி வெட்டுப்படும். 'டைமண்ட் ரஷ்' போன்ற பிரபலமான கேம்கள் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஜாராக வந்தன. ஃபைல் பெயரில் இந்த எண்களைப் பார்த்து எடுங்கள். ஆரம்ப கால சீரிஸ் 40 போன்கள் சில 64 கேபிக்கு மேற்பட்ட ஜாரை ஏற்கவே செய்யாது. அங்கே சின்னதைத்தான் தேட வேண்டும்.

ஜாட் ஃபைலும் (ஜாரைப் பற்றிய விவரக் குறிப்பு) கூட வந்தால், அதில் எழுதியிருக்கும் ஜார் அளவு பைட் கணக்கில் அச்சாகப் பொருந்த வேண்டும். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் செல்லாத மென்பொருள் என்று சொல்லிவிடும். ஜாட்டை விட்டுவிட்டு ஜாரை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் ஏறிவிடும்.

5800, 5233ல் ஜாவா கேமைத் திறந்ததும் திரையின் பாதியைப் பட்டன்கள் பிடித்துக்கொள்ளும். தொடுதிரைக்கென்றே செய்த கேம் என்றால் ஆப் மேனேஜரில் அந்த கேமின் செட்டிங்ஸுக்குப் போய் ஆன் ஸ்கிரீன் கீபேடை அணைத்துவிடுங்கள். பட்டன் போனுக்குச் செய்த கேமில் அணைத்தால் ஆட முடியாது.

போனே இல்லாதவர்களுக்கு

ஆண்ட்ராய்டில் ஜாவா கேமை ஓட்டும் ஜே2எம்இ லோடர் என்ற ஆப் இலவசம். ஜாரைத் திறந்ததும் வரும் அமைப்புப் பக்கத்தில் திரை அளவை அந்த கேமின் உண்மையான அளவுக்கு வையுங்கள். இன்றைய போனின் திரை அளவைக் கொடுத்தால் படம் மூலையில் பொட்டாக நிற்கும். பெரிதாக்குவதை அதற்கென உள்ள அளவீட்டு அமைப்பில் செய்யுங்கள். கேம் தலைதெறிக்க ஓடினால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பட்டன் வேலை செய்யாவிட்டால் அது மோட்டோரோலா அல்லது சீமென்ஸ் போனுக்கு எழுதிய ஜாராக இருக்கலாம். கீ அமைப்பை மாற்றிப் பாருங்கள். சிம்பியன் கேம்களுக்கு ஈகேஏ2எல்1 என்ற ஆப். அதற்கு போனின் சொந்த ரோம் அல்லது ஃபர்ம்வேர் ஃபைல் வேண்டும்.

பாம் நிறுவனத்தின் கைக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஸையர், டங்ஸ்டன் இ போன்றவற்றில் பேட்டரி தீர்ந்தால் உள்ளே ஏற்றியது முழுக்கப் போய்விடும். 2004ல் வந்த டங்ஸ்டன் டி5, ட்ரியோ 650 முதல்தான் அது மாறியது. எஸ்டி துளை உள்ள மாடலில் ஹாட்சிங்க் (கணினியோடு இணைத்து ஏற்றும் முறை) இல்லாமலே ஏற்றலாம்: கார்டில் பாம் என்ற ஃபோல்டர், அதற்குள் லாஞ்சர் என்ற ஃபோல்டர், அதில் பிஆர்சி ஃபைல், அதாவது பாம் மென்பொருள் வரும் ஃபைல். முகப்புத் திரையின் மேல் மூலையில் உள்ள வகைப் பட்டியலில் கார்டைத் தேர்ந்தெடுத்தால் கேம் தெரியும். விண்டோஸ் மொபைல் கருவியிலும் கார்டுதான் சுருக்கு வழி. கேப் ஃபைலை (அதன் இன்ஸ்டால் ஃபைல்) கார்டில் போட்டு, ஃபைல் எக்ஸ்புளோரரில் தட்டினால் தானே ஏறும். செல்லத்தக்க விண்டோஸ் சிஇ மென்பொருள் அல்ல என்று வந்தால், அது வேறு பிராசசருக்கோ வேறு பதிப்புக்கோ ஆன ஃபைல். ஏஆர்எம் என்று குறித்திருக்கும் வடிவத்தை எடுத்துப் போடுங்கள்.